இடம் விடும் இசை



சென்ற ஆண்டு கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலி நினைவிருக்கிறதா? 'சைலண்ட் நைட்' பாடலின் தமிழ் வடிவத்தை நம் இளையோர் கீபோர்டு, கிட்டார், வயலின், புல்லாங்குழல், தபேலா என எல்லாவற்றோடும் இசைத்தார்கள். கேட்க அருமையாக இருந்தது. ஆனால் இறைமக்கள் பாடவில்லை. முன்வரிசைப் பாட்டிமார் வாய் திறந்தார்கள். சுருதி எட்டாமல் மூடிக்கொண்டார்கள். அந்த ஏற்பாட்டுக்குத் தலையசைத்தது நாமேதான்.

இந்தப் பாடல் பிறந்த இடத்தைச் சற்று எண்ணிப் பார்ப்போம். ஆஸ்திரியாவில், சால்ஸ்பர்க் அருகே ஓபர்ன்டார்ஃப் என்ற ஊர். 1818 டிசம்பர் 24. உதவிப் பங்குத்தந்தை யோசேப்பு மோர், தாம் 1816-இல் எழுதிய கவிதையை ஆசிரியர் ஃபிரான்ஸ் க்ரூபரிடம் கொடுத்து இசையமைக்கக் கேட்டார். அன்றிரவே இருவரும் பாடினார்கள். இரண்டு குரல், ஒரு கிட்டார்; ஒவ்வொரு சரணத்தின் கடைசி வரிகளையும் பாடகர் குழு திரும்பப் பாடியது. ஆர்கனை எலி கடித்துவிட்டது என்று ஒரு கதை உண்டு. 1854-இல் க்ரூபர் கைப்பட எழுதிய குறிப்பில் எலியே இல்லை!

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் தந்த திருவழிபாட்டு ஏடு, ஆலயத்திற்கு ஏற்ற பிற இசைக்கருவிகளுக்கும் கதவைத் திறந்தது. ஆகவே தபேலாவும் புல்லாங்குழலும் விருந்தாளிகள் அல்ல. நம்மிடம் இருந்த குறை கருவிகளில் இல்லை. ஒன்றுக்கொன்று இடம் விடாததில்தான் இருந்தது.

இந்த ஆண்டு சிட்கோ தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்து வரும் நம் பிள்ளைகளோடு அமர்ந்து மாற்றி அமைத்தோம். இந்த மெட்டு ஒரு ஸ்தாயியைத் தாண்டி மேல் மத்யமம் வரை ஏறுகிறது. எனவே சி மேஜரிலிருந்து பி ஃபிளாட்டுக்கு இறக்கினோம். தபேலாவுக்கு ஆறு மாத்திரை தாத்ரா, அதுவும் விரல் நுனியில், இரண்டாம் சரணத்திலிருந்து மட்டும். கிட்டாருக்கு மூன்றே கார்டுகள். முதலில் புல்லாங்குழல் மெட்டை வாசிக்கும். மக்கள் பாடத் தொடங்கியதும் நின்றுவிடும். வயலின் கீழே இரண்டாம் குரலாக வரும். கடைசிச் சரணத்தில் எல்லாக் கருவிகளும் ஓய்ந்துவிடும். மக்கள் குரல் மட்டும் ஒலிக்கும்.

புல்லாங்குழல் வாசிக்கும் தம்பி கேட்டான்: "ஃபாதர், அப்போ நாங்க எதுக்கு?" நல்ல கேள்வி. நமக்கும் அது சுருக்கென்றது. பீடத்தில் நிற்கும் நாமும் கேட்க வேண்டிய கேள்வி அது.

பிலிப்பியருக்கு எழுதிய திருமடலில் புனித பவுல் சொல்வது இதைத்தானே? கடவுள் நிலையில் இருந்தவர் தம்மை வெறுமையாக்கிக்கொண்டார். மற்றவர் எழுந்து நிற்கத் தம்மைத் தாழ்த்தினார். தீவனத் தொட்டி என்பது கடவுள் நமக்காக இறக்கிக்கொண்ட சுருதி.

நம் வீட்டில் யாருடைய குரல் நம் சத்தத்தில் அமுங்கிக் கிடக்கிறது? வயதான தாயா? மருமகளா? பேசத் தயங்கும் பிள்ளையா? இத்திருவருகைக் காலத்தில் நம் சுருதியைச் சற்று இறக்குவோம், அவர்கள் பாடட்டும். ஆமென்.