பரதேசியின் பின்னால் நடந்தவர்



'முன்மாதிரிகளும் நம் இலக்கும்' என்று எனக்குப் பேசத் தலைப்புக் கொடுத்தார்கள். இதற்காகக் கடல் கடந்து ஆள் தேட எனக்கு மனமில்லை. திருச்சி மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள தெருக்களே போதும்.

1815-இல் பிறந்து, இளமையிலேயே தந்தையை இழந்து, இந்த ஊருக்கு வந்து சேர்ந்தவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. அவருக்கு அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் பாடம் கேட்க வேண்டும். சொல்லித்தர ஆள் அகப்படவில்லை. அந்த நூலில் தேர்ந்த பரதேசி ஒருவர் இங்கே வீடு வீடாகப் பிச்சை எடுத்துத் திரிந்தார். பிள்ளை அவரைப் பிடித்துக்கொண்டார். அவர் போகும் தெருவெல்லாம் கூடவே நடந்து, அவருக்கு வேண்டியதை வாங்கிக் கொடுத்து, கிடைத்த நேரத்தில் பாடம் கேட்டார். கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். பரதேசி ஒரு வாசலில் அரிசிக்காக நிற்கிறார். இரண்டடி தள்ளி அணியிலக்கணத்துக்காக ஓர் இளைஞர் நிற்கிறார். பின்னாளில் உறையூருக்குப் புராணமும், திருவானைக்கா அகிலாண்டநாயகிக்குப் பிள்ளைத்தமிழும் பாடிய மகாவித்துவான் அவர்தான்.

பரதேசியின் வாழ்க்கையை அவர் பின்பற்றவில்லை. அவரிடமிருந்த கல்வியை மட்டும் எடுத்துக்கொண்டார். ஒருவரை முன்மாதிரியாகக் கொள்வதென்றால் அவருடைய நடை, உடை, பழக்கம் எல்லாவற்றையும் எடுத்துப் பூசிக்கொள்வது என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

1871-இல் மாயூரத்தில் பிள்ளையவர்களிடம் மாணவராக வந்து சேர்ந்தார் உத்தமதானபுரம் சாமிநாதையர். அப்போது வயது 16. ஆசிரியர் தம் வீட்டுத் தோட்டத்தில் மரம் செடிகளை வைத்திருந்தார். காலையில் எழுந்ததும் எங்கே தளிர் விட்டிருக்கிறது என்று ஆவலோடு பார்ப்பார். மாணவர் அதைக் கவனித்தார். அவருக்கு முன்பே எழுந்து, செடி செடியாகப் பார்த்து வைத்து, புதுத் தளிர்களை அவருக்குக் காட்டினார். ஆசிரியரின் அன்பு அப்படித்தான் அவர் பக்கம் திரும்பியது. இதைக் காக்கை பிடிப்பது என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன். பெரியவருக்கு எதில் மனம் மலர்கிறது என்று தெரிந்துகொள்ளும் கூர்மைதான் பிறகு ஏட்டுச் சுவடியில் சிதைந்த எழுத்தையும் கண்டுபிடித்தது.

1876-இல் ஆசிரியர் மறைந்தார். அவரைப் போலவே புராணங்கள் பாடிக்கொண்டு காலம் தள்ளியிருக்கலாம் ஐயர். ஆனால் 1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் என்பவர் அவரிடம் சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியைப் பற்றிக் கேட்டார். பிள்ளையவர்களிடம் பாடம் கேட்ட நூல்களின் நீண்ட பட்டியலில் அது இல்லை! ஐயரின் இலக்கு அங்கே மாறியது: அந்த நூலைக் கற்றுப் பதிப்பிக்க முனைந்தார். சமண சமயச் செய்திகள் விளங்காதபோது சைவ மடத்தில் வளர்ந்த அந்த அந்தணர் கும்பகோணத்து ஜைனர்களின் வீடு தேடிப் போய், அடக்கமாக உட்கார்ந்து சந்தேகம் கேட்டார். பரதேசியின் பின்னால் ஆசிரியர் நடந்த நடைதான் இது. 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு என்று வரிசையாக வந்தன. ஆசிரியர் கால் வைக்காத பாதையில், ஆசிரியரிடம் கற்ற நடையோடு போனார்.

மாணவர்களே, உங்கள் இலக்கை யாரிடமும் இரவல் வாங்காதீர்கள். உழைக்கும் விதத்தைக் கேட்டு வாங்குங்கள். அதற்குக் கிட்டப் போக வேண்டும். கைபேசித் திரையில் பார்த்து வியந்தால் வராது.

எண்பதை நெருங்கும் வயதில், 1933-இலும் 1934-இலும், ஆசிரியரின் சரித்திரத்தை இரண்டு பாகங்களாக வெளியிட்டார் ஐயர். முதல் பாகத்தையாவது இந்த விடுமுறையில் படித்துவிடுங்கள். அதில் வரும் தெருக்கள் பல, நீங்கள் நாள்தோறும் நடக்கிற தெருக்கள்.