இராவணஹத்தா



ஓர் இசைக்கருவியை அறிந்துகொள்வது எவ்வாறு? அதன் பெயரைக் கேட்டறிந்தால் போதுமா? அதன் ஓசையைச் சற்று நேரம் செவிமடுத்தால் போதுமா? அது எவற்றால் ஆயது, யார் கையில் இருப்பது, என்ன பணி புரிவது என்னும் மூன்றையும் அறிந்தாலன்றி அவ்வறிவு நிறைவு பெறாது என்பது என் கருத்து. இதற்கு எடுத்துக்காட்டாக, இராஜஸ்தான் நாட்டுப்புறக் கருவியாகிய இராவணஹத்தாவை இன்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அதன் உடலமைப்பு. நம் ஊர்த் திருவிழாக் கடைகளில் கொட்டாங்கச்சிப் பிடில் விற்பதைப் பார்த்திருப்பீர்கள். இதுவும் அவ்வினத்ததே, ஆனால் விளையாட்டுப் பொருளன்று. தேங்காய்ச் சிரட்டையின் வாயை ஆட்டுத்தோலால் மூடி, நீண்ட மூங்கில் தண்டொன்றை அதிற் பொருத்துவர். தோலின்மீது சிறு குதிரை நின்று தந்திகளைத் தாங்கும். முதன்மைத் தந்திகள் இரண்டு. ஒன்று குதிரைமயிரால் ஆயது. மற்றொன்று எஃகுக் கம்பி. இவையன்றி, பக்கத்தே சில மெல்லிய கம்பிகளும் உண்டு. மெட்டை வாசிக்க இவை பயன்படுவதில்லை. எனினும், தமக்குரிய சுரம் முதன்மைத் தந்தியில் எழுந்தவுடன் தாமே அதிர்ந்து உடன் முழங்கும். இயற்பியல் வகுப்பில் இசைக்கவைகளைக் கொண்டு நீங்கள் கற்கும் ஒத்ததிர்வு இதுவே.

இனி வில்லைப் பாருங்கள். வளைந்த குச்சியில் குதிரைமயிரைக் கட்டிய அவ்வில்லில் சலங்கைகள் தொங்கும். வில் இழுபடும்போதே சலங்கையும் குலுங்கும். ஆகவே மெட்டும் தாளமும் ஒரே கையிலிருந்து பிறக்கின்றன. வாயோ பாடுவதற்கு உரியதாக இருக்கிறது. கால்களோ ஆடுவதற்கு உரியனவாக இருக்கின்றன. பக்கவாத்தியக்காரர் ஒருவரும் இன்றி ஊர் ஊராகச் செல்லும் பாடகனுக்கு இதனினும் ஏற்ற கருவி வேறு ஏது?

அப்பாடகனைப் 'போபா' என்பர். பாபூஜி என்னும் வீரனைத் தெய்வமாகப் போற்றுவோரின் பூசாரியும் அவரே. ஏறத்தாழ 15 அடி நீளமுள்ள சித்திரத் திரையை இரவில் விரித்து, அதன்முன் நின்று பாபூஜியின் கதையைப் பாடுவார். அவர் மனைவி விளக்கேந்தி நின்று உடன்பாடுவார். மணப்பந்தலில் தீவலம் வரும்போதே, காப்பதாக வாக்களித்த பசுக்களைக் கள்வர் கவர்ந்தனர் என்று கேட்டு, மணத்தை விட்டெழுந்து சென்று போரில் உயிர் நீத்தவன் பாபூஜி. ஒட்டகம் மேய்ப்போர், ஒட்டகம் நோயுற்றால் போபாவை அழைத்து இக்கதையைப் பாடச் செய்வது வழக்கம். பிணி தீர்க்கும் வழிபாட்டின் ஒரு கூறாகவே இக்கருவி ஒலித்துவந்தது.

பெயரில் இராவணன் வந்தது ஏன்? கயிலைமலையின்கீழ் அகப்பட்ட இராவணன், தன் நரம்புகளையே தந்தியாக்கிப் பாடி இறைவனை உருகச் செய்தான் என்னும் கதை நமக்குப் புதியதன்று. 'ஹத்தா' என்பது கையைக் குறிக்கும். பாபூஜி கதையிலும் இலங்கை வருகிறது. அங்கிருந்தே அவன் ஒட்டகங்களைக் கவர்ந்து வந்தானாம். இவை புராணச் செய்திகள், வரலாறு ஆகா. இலங்கை மன்னன் செய்த கருவி இதுவே என்றோ, வயலினுக்கு இதுவே மூதாதை என்றோ ஒருவர் கூறினால், மாணவராகிய நீங்கள் உடனே சான்று கேட்க வேண்டும். பொய்ப்பெருமை சூட்டினால்தான் சிறக்கும் என்னும் நிலையில் இக்கருவி இல்லை.

இதற்கு நேர்ந்துள்ள இடர் வேறு. கோட்டைகளைக் காண வரும் பயணிகளுக்காகத் திரைப்பட மெட்டுகளை இதில் வாசித்துப் பிழைப்போர் இன்று பலர். வயிற்றுப்பாட்டுக்காகச் செய்வதைக் குறை கூற நமக்கு உரிமை இல்லை. ஆயினும் கருவி பிழைத்து, கதை மறைந்தால், எஞ்சுவது சிரட்டையும் கம்பியுமே அல்லவா? ஜான் ஸ்மித் என்னும் அறிஞர் பாபூஜி காவியத்தை ஆராய்ந்து, பாடலை எழுத்தில் வடித்து, ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1991-ஆம் ஆண்டு நூலாக்கினார். நூல் சொற்களைக் காக்கும். வில்லையும் சலங்கையையும் இயக்கும் கையை, தந்தையிடம் மகன் கற்றால்தான் காக்க இயலும்.

ஆகவே, எங்கேனும் ஒரு நாட்டுப்புறக் கலைஞரைக் கண்டால், "ஒரு பாட்டு வாசியுங்கள்" என்பதோடு நின்றுவிடாதீர்கள். "இதனைக் கொண்டு என்ன கதை பாடுவீர்கள், ஐயா?" என்றும் கேளுங்கள். கேட்பார் உள்ளவரையில் கதைக்கு அழிவில்லை.