கொடாமையும் ஒரு கருணை
(விழா அரங்கில் நிகழ்த்திய உரை)

 

மழைக்காடுகளைக் காணச் செல்வோர் அங்கே எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ளது அமைதிப் பள்ளத்தாக்கு. 1970களில் அங்கே குந்திப்புழையின் குறுக்கே அணை கட்டி மின்சாரம் எடுக்கத் திட்டமிட்டனர். அறிவியலாளரும் ஆசிரியரும் கவிஞரும் ஒன்றுகூடி எதிர்த்தனர். திட்டம் கைவிடப்பட்டது, 1984இல் அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அப்போராட்டத்தின் அடையாளமாக விளங்கியது சோலைமந்தி என்னும் சிங்கவால் குரங்கு. மேற்குத் தொடர்ச்சி மலையன்றி உலகில் வேறெங்கும் அது இயற்கையாக வாழ்வதில்லை.

பணியில் இருந்த காலத்தில் மாணவர் சிலரை அங்கு அழைத்துச் சென்றேன். முக்காலி என்னும் ஊரில் நம் வண்டியை நிறுத்திவிட வேண்டும். அங்கிருந்து சைரந்திரி வரை ஏறத்தாழ 23 கிலோமீட்டர், அனுமதி பெற்ற வண்டியில், வழிகாட்டியோடுதான் செல்ல இயலும். அன்று சோலைமந்தி எங்கள் கண்ணில் படவேயில்லை. உயரத்தில் கிளைகள் அசையும் ஓசை மட்டும் கேட்டது. மாணவர் முகம் வாடிற்று. வழிகாட்டியாக வந்த இளைஞரோ, "அது நம்மைத் தேடி வராதவரை காடு நலமாக இருக்கிறது, ஐயா" என்றார்.

அச்சொல் என்னைச் சுட்டது. சில ஆண்டுகளுக்கு முன் வால்பாறைச் சாலையோரத்தில், குட்டியைச் சுமந்து நின்ற ஒரு சோலைமந்திக்கு என் கையாலேயே வாழைப்பழம் கொடுத்தவன் நான். பசித்திருக்கும் என்று எண்ணினேன். புண்ணியம் என்றும் எண்ணினேன்.

அவ்வுயிர் மரத்தின் மேலேயே வாழும் இயல்பினது. வெடிப்பலாவின் பூவும் காயும், காட்டுப் பழங்களும், பூச்சிகளும் அதன் உணவு. வால்பாறையிலோ தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே காடு துண்டு துண்டாகிவிட்டது. சாலையைக் கடக்கும்போது அடிபடாமலிருக்க மரத்துக்கு மரம் கயிற்றுப் பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். ஒருபுறம் பாலம் கட்டி மேலே ஏற்றுகிறார்கள். மறுபுறம் நாம் பழத்தைக் காட்டிக் கீழே இறக்குகிறோம். இறங்கப் பழகிய குரங்கு வண்டியில் அடிபடுகிறது. குப்பையைக் கிளறி நெகிழியை விழுங்குகிறது. வீடுகளுக்குள் புகுந்து பகையைத் தேடிக்கொள்கிறது. நம் நோயும் அதற்குத் தொற்றக்கூடும். நான் பழம் கொடுத்த அந்தத் தாயும் குட்டியும் பிறகு என்னவாயின என்று எனக்குத் தெரியாது. அந்த வினா இன்றும் என்னை விட்டு அகலவில்லை.

பசித்த உயிருக்கு உணவிடுதல் அறம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நம் தொழுவத்துப் பசு நம்மை நம்பி வாழ்வது. அதற்குத் தீனி வைப்பது நம் கடமை. காட்டுயிருக்கோ, நம்மை நம்பாதிருப்பதே காவல். அங்கே கையை மடக்கிக்கொள்வதுதான் ஈகை.

ஆதலின் பெரியோர்களே, விடுமுறையில் பேரக்குழந்தைகளோடு காட்டுக்குச் செல்லுங்கள். உள்ளூர் வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளுங்கள். காட்டை ஒட்டி வாழ்வோர்க்கு அது பிழைப்பு. உணவுப் பொட்டலத்தை வெளியே எடுக்காதீர்கள். குரலைத் தாழ்த்துங்கள். விலங்கு எதுவும் தென்படாமல் திரும்ப நேர்ந்தால், வாடிய குழந்தையிடம் அந்த இளைஞர் சொன்னதைச் சொல்லுங்கள்.