முதலில் ஓடட்டும்!



எனக்கு முன் பேசிய நண்பர் லினக்ஸைப் பற்றி முக்கால் மணி நேரம் முழங்கினார். விடுதலை என்றார், அறம் என்றார், உரிமை என்றார். 'அது நன்றாக ஓடும்' என்று மட்டும் சொல்லவே இல்லை! சிரிக்காதீர்கள், மேடையிலேயே இருக்கிறார்.

ஹெல்சிங்கியில் ஒரு மாணவர். பெயரை நான் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். 1991-இல் தன் 386 கம்ப்யூட்டருக்காக ஒரு கெர்னல் எழுதினார். அடுத்த ஜனவரியில் ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் டானன்பாம் பாய்ந்தார். மினிக்ஸ் எழுதியவர், பாடப்புத்தகமே எழுதியவர். 'இந்த அமைப்பே பழசு. நீ என் மாணவனாக இருந்தால் நல்ல மார்க் கிடைக்காது' என்கிற மாதிரிச் சொன்னார். வாத்தியார் வாதத்தில் சத்து இல்லாமல் இல்லை. பையனும் விடவில்லை, பதிலுக்குப் பதில் கொடுத்தார். ஆனால் சண்டைக்காக நிரல் எழுதுவதை நிறுத்தவில்லை, அதுதான் பெரிசு! இன்று உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களில் எத்தனையில் லினக்ஸ்? ஐந்நூறிலும்! 2017-இலிருந்து இதே கதைதான். இப்போது சொல்லுங்கள், மார்க் போட்டது யார்? (கைதட்டல்)

2021-இல் செவ்வாயில் ஒரு குட்டி ஹெலிகாப்டர் பறந்ததே, அதற்குள்ளும் லினக்ஸ்தான். அங்கே போய்ப் பட்டிமன்றம் நடத்துவீர்களா?

உரிமத்தை நான் குறைத்துப் பேசவில்லை. 1992-இல் ஜிபிஎல் உரிமத்துக்கு மாறியிராவிட்டால் இத்தனை கைகள் சேர்ந்திருக்குமா, சந்தேகம்தான். ஆனால் வந்த கைகளை நிற்க வைத்தது தரம்.

டெபியன் லினக்ஸ்காரர்களைவிடக் கொள்கையில் கறாரானவர்கள் உண்டா? அவர்களே 2022-இல் ஓட்டெடுப்பு நடத்தி, மூலநிரல் திறக்காத ஃபர்ம்வேரையும் நிறுவல் கோப்பிலேயே சேர்க்கலாம் என்று முடிவெடுத்தார்கள். அது இல்லாமல் முதல் நாளே வைஃபை வரவில்லை என்றால் புதிதாக வந்த பிள்ளை விண்டோஸுக்கே ஓடிவிடும், ஐயா! இதைச் சொன்னால் நம்மூரில் சிலர் எனக்குத் துரோகிப் பட்டம் கொடுக்கிறார்கள். யாரென்று கேட்காதீர்கள். அவர்கள் வாசலில் ஒட்டிய போஸ்டரை எந்தத் திருட்டு மென்பொருளில் வடிவமைத்தார்கள் என்று நானும் கேட்க மாட்டேன்! (பலத்த கைதட்டல்)

அந்த ஹெல்சிங்கிக்காரரிடம் திரும்பவும் வருகிறேன். 2005-இல் அவர் பயன்படுத்திய மூடிய கருவியின் இலவச அனுமதி பறிபோனது. 'அப்போதே சொன்னோம்' என்றார்கள் கொள்கைக்காரர்கள். சொன்னது சரிதான், ஒப்புக்கொள்கிறேன். அவர் என்ன செய்தார்? ஒரு திருத்தத்தைச் சேர்க்க 3 வினாடிக்கு மேல் ஆகக் கூடாது என்று சில நாளில் கிட் என்ற மாற்றுக் கருவியை எழுதினார்.

தலைவர் மணி அடிக்கிறார். நாளைக் காலை லேப்டாப்போடு வாருங்கள், இதே மண்டபத்தில் நிறுவித் தருகிறோம். கொள்கை விளக்கம் வேண்டுபவர்களுக்கு மாடியில் தனி அறை, நண்பர் அங்கே இருப்பார்!