அஞ்சல் வேண்டும், வந்து சேரவும் வேண்டும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



திருகோணமலையில் வாழ்ந்த இளைஞர் ஒருவர் 1960ஆம் ஆண்டளவில் சென்னையிலிருந்து வந்த ஒரு சிற்றிதழுக்குக் கவிதைகள் அனுப்பத் தொடங்கினார். அவர் தமிழகத்துக்கு வந்து வாழ இன்னும் பத்தாண்டுகள் இருந்தன. இதழ், சி. சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து'. இளைஞர், பின்னாளில் பிரமிள் என அறியப்பட்டவர். அதே இதழுக்கு நாகர்கோவிலிலிருந்து பசுவய்யா எழுதினார். திருவனந்தபுரத்திலிருந்து நகுலன் எழுதினார். 1962இல் 'புதுக்குரல்கள்' தொகுப்பு வந்தபோது அதற்குப் பின்னே ஒரு பல்கலைக்கழகமோ நிறுவனமோ நின்றதில்லை. நின்றவை ஓர் ஆசிரியரின் உழைப்பும், சந்தாதாரர் சிலரின் பற்றும், அஞ்சல் துறையுமே. தமிழ்ப் புதுக்கவிதையின் வரலாற்றை எழுதுவோர் முதலிரண்டையும் போற்றுவர், மூன்றாவதைக் குறிப்பிடுவதில்லை. தண்ணீர் வரும்வரை குழாயை யாரும் நினைப்பதில்லை அல்லவா?

இன்று அந்த அஞ்சல் நம்பத்தக்கதா, தேவைதானா என்னும் வினா எழுந்திருக்கிறது. ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நேர்மை. ஒரு கவிதையை ஆசிரியருக்கு அனுப்ப அஞ்சல் வேண்டியதில்லை. கைப்பேசியிலிருந்து நொடிப்பொழுதில் போய்ச் சேருகிறது. அஞ்சல்காரரின் மிதிவண்டி மணியையும் நீல நிற உள்நாட்டு மடலையும் எண்ணி உருகிக் கவிதை பாடுவோரில் பலர் கடந்த பத்தாண்டுகளில் ஓர் அஞ்சல்தலைகூட வாங்கியிருக்க மாட்டார்கள். ஏக்கத்தை வைத்து ஒரு துறையைக் காக்க முடியாது. அஞ்சலின் தேவை வேறோரிடத்தில் இருக்கிறது.

1840க்கு முன் இங்கிலாந்தில் கடிதக் கட்டணம் தொலைவைப் பொறுத்தும் தாள்களின் எண்ணிக்கையைப் பொறுத்தும் அமைந்தது. பெரும்பாலும் பெறுபவரே அதைச் செலுத்தினார். ரோலண்ட் ஹில் கணக்குப் பார்த்தார். ஒரு கடிதத்தை ஊரிலிருந்து ஊருக்குச் சுமந்து செல்லும் செலவு மிகச் சிறியது. வாங்குவதும் பிரிப்பதும் கட்டணம் தண்டுவதுமே பெருஞ்செலவு என்று கண்டார். அப்படியானால் தொலைவுக்கு ஏன் விலை? அரை அவுன்சுக்கு ஒரு பென்னி, எங்கு அனுப்பினாலும் ஒரே விலை என்னும் திட்டம் அவ்வாறு பிறந்தது. 1840 மே 6 முதல் வழங்கத் தொடங்கிய கறுப்பு நிறப் பென்னித் தலை அதன் அடையாளம். இந்தியாவில் 1854 அக்டோபரில் இதே முறை வந்தது. கால் தோலா எடையுள்ள கடிதத்துக்கு அரை அணா. பக்கத்து ஊருக்கும் அதுவே, நாட்டின் மறுகோடிக்கும் அதுவே.

இது வெறும் கட்டணச் சீர்திருத்தமன்று. மலைமேல் இருப்பவனும் துறைமுகத்தருகே இருப்பவனும் ஒரே விலைக்குரிய குடிமக்கள் என்று ஓர் அரசு சொன்ன சொல். வணிகர் எவரும் தாமாக அப்படிச் சொல்லமாட்டார். தனியார் கூரியர் நிறுவனங்கள் நகரத்தில் திறம்படப் பணியாற்றுகின்றன. ஆயினும் 'அந்த ஊருக்குச் சேவை இல்லை' என்று சொல்லும் உரிமை அவற்றுக்கு உண்டு. அஞ்சலகத்தின் சாளரத்தில் அந்த விடை கிடைப்பதில்லை. இந்தியாவில் ஒரு லட்சத்து அறுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட அஞ்சலகங்கள் உள்ளன. பத்தில் ஒன்பது ஊரகங்களில் இருக்கின்றன. அவற்றில் பல, ஒரு வீட்டுத் திண்ணையில் நாளுக்குச் சில மணி நேரம் இயங்கும் கிளை அஞ்சலகங்கள். 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது முதியோர் உதவித்தொகையையும் மருந்தையும் வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் இவர்களே.

கவிஞர்கள் நிறைந்த அவையில் இன்னொரு செய்தியையும் சொல்லாமலிருக்கலாகாது. ஒரே பெயரில் பல ஊர்கள். பல எழுத்துகளில் எழுதப்படும் முகவரிகள். புதூர் என்று மட்டும் எழுதினால் எந்தப் புதூர்? இக்குழப்பத்தைத் தீர்க்க 1972 ஆகஸ்டு 15இல் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டெண் நடைமுறைக்கு வந்தது. முதல் இலக்கம் மண்டலம். தமிழகமும் கேரளமும் ஆறாம் மண்டலம். முதல் மூன்று இலக்கங்கள் சேர்ந்து பிரிப்பு மாவட்டத்தைக் காட்டும். கடைசி மூன்றும் பட்டுவாடா அஞ்சலகத்தைக் காட்டும். 627001 என்றால் வேற்று மொழிக்காரரும் அதைத் திருநெல்வேலிப் பையில் போடுவார். இதனை வகுத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். அவர் அஞ்சல் துறை அதிகாரி மட்டுமல்லர், வடமொழிக் கவிஞரும் ஆவார். யாப்பறிந்தவர் கையில் ஆறெழுத்துச் சீர் ஒன்று அமைந்தது என்று சொன்னால் மிகையாகாது.

இனி நம்பகத்துக்கு வருவோம். சாதாரண அஞ்சலில் அனுப்பிய இதழ் வரவில்லை என்பது சிற்றிதழ் நடத்துவோர் அனைவரும் கேட்டுப் பழகிய குறை. நான்கு இதழ் அனுப்பினால் ஒன்று எங்கோ தங்கிவிடுகிறது; சந்தாதாரர் ஆசிரியரை ஐயுறுகிறார்; ஆசிரியர் அஞ்சலகத்தை ஐயுறுகிறார்; அஞ்சலகமோ பதிவு செய்யாத பொருளுக்குக் கணக்கு வைத்திருப்பதில்லை. சட்டமும் துணை நிற்பதில்லை. 1898ஆம் ஆண்டுச் சட்டம், இழப்புக்கும் தாமதத்துக்கும் துறையைப் பொதுவாகப் பொறுப்பாக்கவில்லை. 2024 ஜூன் 18 முதல் அதனிடத்தில் வந்த 2023ஆம் ஆண்டு அஞ்சலகச் சட்டமும் அந்தப் பாதுகாப்பைத் துறைக்கு விட்டுவைத்திருக்கிறது. பழைய சட்டத்திலிருந்த, கடிதங்களைச் சுமக்கும் தனியுரிமை மட்டும் புதிய சட்டத்தில் இல்லை.

தேவையும் நம்பகமும் இரண்டு வினாக்கள் போலத் தோன்றும். உண்மையில் ஒன்று மற்றொன்றை உண்டு வளர்கிறது. கடிதம் குறைந்தது என்று ஆளைக் குறைப்பர். ஆள் குறைந்ததால் கடிதம் தாமதிக்கும். தாமதிப்பதால் மக்கள் விலகுவர். விலகினர் என்று மீண்டும் குறைப்பர். இந்தச் சுழல் எங்கே போய் முடியும் என்பதற்கு டென்மார்க் சான்று. அந்நாட்டின் அஞ்சல் 1624இல் நான்காம் கிறிஸ்டியன் மன்னர் காலத்தில் தோன்றியது. 2000ஆம் ஆண்டில் ஏறத்தாழ 140 கோடிக் கடிதங்கள். 2024இல் 11 கோடி. இடையில் 2014 முதல் அரசு மடல்கள் மின்வழிக்கு மாறின. 2024 தொடக்கத்தில் எல்லோருக்கும் அஞ்சல் கொண்டு சேர்க்கும் சட்டக் கடமை நீக்கப்பட்டது. ஒரு கடிதத்தின் விலை 29 குரோனர் ஆயிற்று. இந்திய மதிப்பில் முந்நூறு ரூபாய்க்கும் மேல். 2025 டிசம்பர் 30இல் போஸ்ட்நார்ட் நிறுவனம் டென்மார்க்கில் தன் கடைசிக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு அப்பணியை நிறுத்தியது. தெருக்களில் நின்ற 1,500 சிவப்புப் பெட்டிகள் அகற்றப்பட்டன. விற்பனைக்கு வைத்தபோது ஆயிரம் பெட்டிகள் சில மணி நேரத்தில் விற்றுத் தீர்ந்தன. அஞ்சல் பெட்டிக்கு இத்தனை அன்பர்கள் இருந்தும் அதில் கடிதம் போட ஆளில்லை! இன்று அங்கே கடிதம் அனுப்பவே முடியாது என்பதில்லை; தனியார் நிறுவனம் ஒன்று சுமக்கிறது. ஆனால் கடமை வேறு, வணிகம் வேறு.

இந்தியா டென்மார்க் ஆகிவிடவில்லை. ஆகிவிடும் என்று அஞ்சவும் வேண்டியதில்லை. இங்கே நடப்பது வேறு. கதவை மூடாமல் ஒவ்வொரு பலகணியாகச் சாத்துகிறார்கள். 2013 ஜூலையில் தந்தி நின்றது. அதற்காக வருந்த ஒன்றுமில்லை, அதன் வேலையைக் கைப்பேசி மேலாகச் செய்கிறது. 2015இல், 1880 முதல் இருந்துவந்த பழைய மணியார்டர் முறை நின்றது. இதில் சிற்றிதழ்க்காரருக்கு ஓர் இழப்பு உண்டு. சந்தா அனுப்புவோர் அந்தப் படிவத்தின் அடியிலுள்ள சிறு கூப்பனில் இரண்டு வரி எழுதுவர். சென்ற இதழின் கதை பிடித்ததா இல்லையா என்பது பணத்தோடு வந்து சேரும். திறனாய்வுக்கு அதைவிடச் செட்டான வடிவம் பின்னர் அமையவில்லை.

2025 செப்டம்பர் 1இல் பதிவு அஞ்சல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் வந்த கட்டணத்தைக் காண்க. 50 கிராம் வரை உள்ளூருக்கு 19 ரூபாய், வெளியூருக்கு 47 ரூபாய், வரி தனி. வெளியூருள் தொலைவு பார்ப்பதில்லை; நன்று. ஆனால் 50 கிராமைத் தாண்டி 250 கிராம் வரை செல்லும் உறைக்கு 200 கிலோமீட்டருக்குள் 59 ரூபாய், இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் 77 ரூபாய். 1854இல் நீக்கிய தொலைவுக் கணக்கு கையொப்பம் பெற்றுத் தரும் அஞ்சலில் திரும்பி வந்திருக்கிறது. ஒரு மெல்லிய கவிதைத் தொகுதி எடையில் இந்தப் படியில்தான் விழும்.

இதில் உள்ள சிக்கல் விலை உயர்வு மட்டுமன்று. விலை உயராமல் எத்துறையும் இயங்காது. 50 காசு அஞ்சலட்டையால் துறைக்கு நேரும் இழப்பை யாரும் மறுக்க முடியாது. சிக்கல் என்னவெனில், நம்பகம் என்பது தனி விலை கொடுத்து வாங்கும் பொருளாகிவிட்டது. கணினியில் தடம் காணத்தக்க உறை சேர்ந்துவிடுகிறது. ஐந்து ரூபாய்த் தலை ஒட்டிய உறை சேர்ந்தால் சேரும். அஞ்சலின் நம்பகத்தை விரைவு அஞ்சலைக் கொண்டு அளப்பது, மருத்துவமனையைத் தனி அறையைக் கொண்டு அளப்பது போன்றது. பொது அறை எப்படி இருக்கிறது என்பதே கேள்வி.

புத்தகத்தின் கதை இதனினும் நெருக்கமானது. பதிவுப் புத்தக அஞ்சல் என்னும் சலுகைப் பிரிவு 2024 டிசம்பர் 18இல் முன்னறிவிப்பின்றி நிறுத்தப்பட்டது. பதிப்பாளர்கள் பார்சல் கட்டணத்துக்குத் தள்ளப்பட்டனர். நூலின் விலையில் பெரும்பங்கை அனுப்பும் செலவே விழுங்கியது. பெருநகரக் கடைகளில் அடுக்கப்படும் நூல்களுக்கு இது பெரிய அடியன்று. முந்நூறு படி அச்சிட்டு, ஒவ்வொன்றாக முகவரி எழுதி அனுப்பும் கவிஞருக்கே அடி. எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன. 2025 மே 1இல் 'ஞான் போஸ்ட்' என்னும் பெயரில் புதிய பிரிவு வந்தது: 300 கிராம் வரை 20 ரூபாய், ஐந்து கிலோ வரை 100 ரூபாய், வரி தனி, தரைவழியே செல்லும், தடமும் காணலாம். தொலைவுக்கேற்ற விலை இதில் இல்லை. குறை கூறிய வாயால் இதைப் பாராட்டவும் வேண்டும். குரல் எழுப்பினால் துறை செவிமடுக்கிறது என்பதற்கும் இது சான்று.

காப்பகம் பற்றி ஒரு சொல். உ. வே. சாமிநாதையர் தமக்கு வந்த மடல்களைக் காத்து வைத்தார். அவை இன்று 'கடிதக் கருவூலம்' என்று நூலாகியிருக்கின்றன. கு. அழகிரிசாமி எழுதிய கடிதங்களைக் கி. ராஜநாராயணன் காத்து வைத்ததால் அவையும் நூலாயின. இன்று கவிஞர்கள் எழுதிக்கொள்வது குறைந்துவிடவில்லை, ஒருவேளை கூடியிருக்கிறது. கைப்பேசி மாறும்போது அது போய்விடுகிறது. இதற்கு அஞ்சல் துறையைக் குறை சொல்ல இடமில்லை. உறையையும் தாளையும் கைவிட்டவர்கள் எழுத்தாளர்களே.

இறுதியாக, இம்மலரையும் வெளியூர் உறுப்பினர்களுக்கு அனுப்பியாக வேண்டும். எடை 300 கிராமுக்குள் அடங்கினால் 20 ரூபாயும் வரியும் போதும்; கன்னியாகுமரிக்கும் அதே, கவுகாத்திக்கும் அதே. ஆனால் அந்தச் சலுகைக்கு ஒரு நிபந்தனை உண்டு. அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவர் பெயர் இருக்க வேண்டும். நூல் அறிவிப்பு போன்றவை தவிர வணிக விளம்பரம் இருக்கலாகாது. மலரின் கடைசிப் பக்கங்களில் வாழ்த்து விளம்பரம் தரும் நகைக்கடைகளையும் துணிக்கடைகளையும் நம்பித்தான் அச்சுக்கூலி இருக்கிறது. அவர்களை விட்டால் அச்சில்லை. சேர்த்தால் இருபது ரூபாய் அஞ்சல் இல்லை. விளம்பரங்களைத் தனித் தாளாக அச்சிட்டு விழா மேடையிலேயே வழங்கிவிடலாமா என்பதைச் செயற்குழு இன்றிரவே முடிவு செய்தல் நலம். அச்சகத்தில் கடைசிப் படிவம் நாளைக் காலையில் ஏறுகிறது.