ரயிலடியில் கைமாறிய தாள்



1950 ஏப்ரல் மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. பாரிஸ் கிழக்கு ரயில் நிலையம். பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ஷூமன், வார விடுமுறைக்குச் சொந்த ஊர்ப் பக்கம் போக ரயிலேறி உட்கார்ந்துவிட்டார். அவருடைய செயலர் பெட்டிக்குள் வந்து சில தாள்களைக் கையில் கொடுக்கிறார். மொன்னே அனுப்பியவை, ஊரில் நிதானமாகப் படித்துப் பாருங்கள் என்கிறார். திங்கட்கிழமை திரும்பி வந்த அமைச்சர், ரயிலை விட்டு இறங்கியதுமே சம்மதம் சொல்லிவிட்டார்.

பிரான்சும் ஜெர்மனியும் தங்கள் நிலக்கரியையும் எஃகையும் ஒரே பொது நிர்வாகத்தின் கீழ் வைப்பது. தாளில் இருந்த யோசனை அதுதான். பீரங்கி வார்க்க எஃகு வேண்டும், எஃகு உருக்க நிலக்கரி வேண்டும். இரண்டும் பொதுவாகிவிட்டால் ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவர் போருக்குத் தயாராக முடியாது.

யார் இந்த ழான் மொன்னே? கோன்யாக் என்ற சிற்றூரில் பிராந்தி வியாபாரி வீட்டுப் பிள்ளை. 1888-ல் பிறந்தவர். 16 வயதில் படிப்பை விட்டு, தொழில் பழக லண்டனுக்குப் போனார். கல்லூரி வாசலை மிதித்ததில்லை.

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. பிரிட்டனும் பிரான்சும் ஒரே அணிதான். ஆனால் கப்பலுக்கும் கோதுமைக்கும் சந்தையில் போட்டி போட்டுக்கொண்டு விலையை ஏற்றிக்கொண்டிருந்தன. 25 வயது மொன்னே பிரெஞ்சுப் பிரதமரை நேரில் பார்த்து, இரண்டு நாடும் சேர்ந்தே வாங்கலாமே என்று எடுத்துச் சொன்னார். அவர் பின்னாளில் செய்த காரியங்களுக்கெல்லாம் வித்து அங்கேதான் விழுந்தது என்பேன்.

பிறகு, அந்தப் போருக்குப் பின் உருவான சர்வதேச சங்கத்தில் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) பதவி. அதை விட்டு முதலீட்டு வங்கித் தொழில். போலந்து, ருமேனியா நாணயங்களை நிலைநிறுத்தக் கடன் திரட்டிக் கொடுத்தார். ஷாங்காய்க்குப் போய்ச் சீன அரசுக்கு நிதி யோசனை சொன்னார். இரண்டாம் உலகப் போரில் வாஷிங்டனில் உட்கார்ந்து, ஆயுத உற்பத்தியைப் பல மடங்கு பெருக்கச் சொல்லி அமெரிக்க அதிகாரிகளை விடாமல் வற்புறுத்தினார்.

அரசுக்கும் முதலீட்டாளருக்கும் ஆலோசனை சொல்பவர் உண்மையில் யாருக்காகப் பேசுகிறார் என்று சந்தேகம் வருவது நியாயம்தான். மொன்னேயை எல்லாத் தரப்பும் நம்பியதற்கு நான் காணும் காரணம், பெயர் வாங்கும் ஆசை அவரிடம் இல்லை. நெருக்கடியில் தலைவர்கள் திகைத்து நிற்கும்போது, செய்யவேண்டியதைச் சுருக்கமாக எழுதிக் கையில் வைத்திருப்பார். நிலக்கரி, எஃகு யோசனையை ஷூமன் வெளியிடுவதற்கான அறிக்கையே ஒன்பது வரைவு கண்டது. ஒவ்வொரு சொல்லையும் அப்படி நிறுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

1950 மே 9-ஆம் தேதி ஷூமன் அதை வெளியிட்டார். மறு ஆண்டே ஆறு நாடுகள் அதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இன்றைய ஐரோப்பிய ஒன்றியம் அதிலிருந்து வளர்ந்ததுதான்.

மொன்னே 1979-ல், தம் 90-ஆவது வயதில் காலமானார். மே 9-ஐ ஐரோப்பிய நாளாகக் கொண்டாடுகிறார்கள். அந்த அறிக்கையை உலகம் ஷூமன் அறிக்கை என்றே அழைக்கிறது. மொன்னேயின் பெயர் அதில் ஓரிடத்திலும் இல்லை.