பொறுப்பு நீதிபதியும் நம்ம வாய்தாவும்

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பேங்க் கிளார்க். எங்க தொழிலில் பணப் பெட்டக அறையின் சாவியைத் தற்காலிக ஆள் கையில் கொடுக்க மாட்டார்கள். பொறுப்பான ரெண்டு பேர், ஆளுக்கொரு சாவி. காசுக்கு இவ்வளவு காவல். நம்ம சனங்க உசுரும் மானமும் சம்பந்தப்பட்ட வழக்குன்னா மட்டும் தற்காலிக நீதிபதி போதும்கிறது அரசு.

11-ஆவது நிதிக்குழுவின் பரிந்துரைப்படி 2000-இல் நாடு முழுக்க 1734 விரைவு நீதிமன்றங்களுக்கு 502.90 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. நீதிபதிகள் தற்காலிகம். தற்காலிகப் பதவி உயர்வு பெற்றவர்கள், ஓய்வு பெற்றவர்கள், அப்புறம் வழக்கறிஞர்கள் என்று நியமன வரிசையை உச்ச நீதிமன்றம் 2002-இல் சொன்னது. ஓய்வு பெற்றவரைத் திரும்பக் கூப்பிடுகிற இடத்தில் இட ஒதுக்கீடு எந்த வாசல் வழியா நுழையும்?

பயனே இல்லைன்னு சொல்லலை. 30 லட்சம் வழக்குகளுக்கு மேல் முடிந்தன. விசாரணைக் கைதியா உள்ளே கிடந்தவனுக்கு அது பெரிய விசயம். ஆனால் 2011 மார்ச் 31-ஓடு மத்திய அரசு பணத்தை நிறுத்தியது. தீர்ப்பு எழுதியவர்களே வேலை கேட்டு வழக்காட வேண்டியதாயிற்று. அடுத்த வருசம் நாற்காலி இருக்குமான்னு தெரியாதவர் ஊர்ப் பெரிய மனுசனுக்கு எதிராத் தீர்ப்பு எழுத எவ்வளவு துணிச்சல் வேணும்? துணிந்தவர்கள் இருக்கலாம். நீதி தனிமனிதத் துணிச்சலை நம்பி நிற்கக் கூடாது.

நம்ம சட்டத்துக்கு வருவோம். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சிறப்பு நீதிமன்றம் என்றது. இருந்த செஷன்ஸ் கோர்ட்டுக்கே இன்னொரு பலகை மாட்டினால் அதுவே சிறப்பு நீதிமன்றம். 2015 திருத்தம்தான் இதற்கென்றே தனி நீதிமன்றம் என்றது. குற்றப்பத்திரிகை தாக்கலானதிலிருந்து கூடியவரை இரண்டு மாதத்தில் விசாரணை முடியணும் என்றது. ஆனா நீதிபதி இடம் காலியானால் பக்கத்துக் கோர்ட்டு நீதிபதிக்குக் கூடுதல் பொறுப்பு. அவருக்குச் சொந்தக் கட்டே மலையாட்டம் கிடக்கு. வாய்தா போடுவார்.

அந்த வாய்தாவுக்கு யார் விலை கொடுப்பது? கூலியை விட்டு, பஸ் ஏறி வந்த சாட்சி. அவரை எதிரி தரப்பு மிரட்டவோ விலை பேசவோ இன்னொரு மாசம் கிடைக்குது.

இதைவிடப் பெரிய விலை ஒண்ணு இருக்கு. பாதி விசாரணையில் நீதிபதி மாறினால், முந்தினவர் பதிந்த சாட்சியத்தை வைத்தே புதியவர் தீர்ப்பு எழுதலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 326-ஆம் பிரிவு அது. 2023-இன் புதிய சட்டத்திலும் தொடர்கிறது. சாதி சொல்லி அடித்ததைக் கூண்டேறி நடுங்கிக்கொண்டே சொன்ன ஒரு அக்காவின் முகத்தைப் பார்த்தவர் மாற்றலாகிப் போயிட்டார். தீர்ப்பு எழுதுகிறவர் பார்ப்பது டைப் அடித்த தாளை. தாள் நடுங்காது, தோழர்களே.

நிரந்தர நீதிபதி, தனி நீதிமன்றம், தொடங்கியவரே முடிக்கிற விசாரணை. இதைக் கேட்போம். கேட்கக் கணக்கு வேணும். மாணவர்கள் மாவட்டக் கோர்ட்டுக்குப் போங்க. நீதிபதி இல்லாமல் தள்ளிப்போன வாய்தாக்களைத் தேதியோடு நோட்டில் எழுதுங்க. 1995 விதிகளின் 11-ஆவது விதிப்படி சாட்சிக்குப் பயணப்படி, தினப்படி தரப்பட்டதா என்று கேட்டு அதையும் எழுதுங்க. அந்த நோட்டை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாங்க.